எறங்கித் தள்ளு: சைக்கிள் பற்றிய இரண்டு அரசுப் பிரதிகள்

1

சைக்கிள் என்கிற சொல் வரும் இரண்டு அரசுப் பிரதிகளைப் பக்கம் பக்கமாக வைத்து வாசிக்க வேண்டும் என்பது எனக்குக் கொஞ்ச நாளாக இருக்கிற எண்ணம். ஒன்று, சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்றுக்கொண்ட மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை. மற்றது, பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் கொண்டுவரப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம்.

முதல் பிரதி நல்ல பிரதி. கார்க்காரனுக்காகவே ரோடு போட்டுக்கொண்டிருந்த நகரத்தில், நடக்கிறவருக்கும் சைக்கிள் மிதிக்கிறவருக்கும் முதலிடம் என்று சொன்னது. தெருக்களில் 80 சதவீதத்துக்கு நடைபாதை வேண்டும், நடையும் சைக்கிளும் மொத்தப் பயணங்களில் 40 சதவீதத்துக்கு மேல் வர வேண்டும், மாநகராட்சியின் போக்குவரத்துப் பணத்தில் 60 சதவீதம் இதற்குப் போக வேண்டும், சாலையில் நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் ஒருவர்கூடச் சாகக் கூடாது என்று இலக்கு வைத்தது. 2018க்குள் இதெல்லாம் நடக்கும் என்றது. இந்தியாவில் இப்படி ஒரு கொள்கையை ஏற்ற முதல் மாநகரம் என்று சென்னைக்குப் பெயரும் வந்தது.

இரண்டாவது பிரதியில் சைக்கிள் வேறு மாதிரி வருகிறது. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்புப் போடுவதை, புதுத்துணி உடுத்துவதை, கல்யாண ஊர்வலம் போவதைத் தடுத்தால் அது வன்கொடுமைக் குற்றம் என்று பட்டியல் போடுகிறது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து 68 வருஷம் கழித்து, 'சைக்கிள் ஓட்டவிடாமல் தடுப்பது குற்றம்' என்று பாராளுமன்றம் எழுத வேண்டியிருந்தது. ஏன் எழுத வேண்டியிருந்தது? தடுத்துக்கொண்டே இருந்தார்கள், அதனால்தான்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வருஷ இடைவெளிதான். ஆனால் ஒன்றையொன்று பார்த்ததாகவே தெரியவில்லை. கொள்கையின் இலக்குகள் எத்தனை தெரு, எத்தனை பயணம், எத்தனை பணம் என்று எண்ணுகின்றன. மிதிக்கிறவர் யார், எங்கிருந்து வருகிறார், ஏன் மிதிக்கிறார் என்பது அந்த எண்ணிக்கையில் வருவதில்லை. சட்டமோ அவர் யார் என்பதிலிருந்து தொடங்குகிறது. அதை நாம் கிராமத்துக்கான சட்டம் என்று நினைத்து, கொள்கையை நகரத்துக்கானது என்று நினைத்து, தனித்தனி அலமாரியில் வைத்துவிட்டோம். என் வாதம் இதுதான்: ஒரே பிரச்சினையைத்தான் இரண்டும் பேசுகின்றன. அது தெரு உரிமை. அதை விட்டுவிட்டுப் போடுகிற சைக்கிள் பாதை, யாருக்கு ஏற்கெனவே தெரு இருக்கிறதோ அவருக்குத்தான் போய்ச் சேரும்.

2

எங்கள் ஊர் திருவண்ணாமலையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். காலனியிலிருந்து தார்ரோட்டுக்குப் போக ஊர்த்தெரு வழியாகத்தான் போக வேண்டும். டவுனில் மூட்டை தூக்கப் போன என் அப்பா, ஊர்த்தெரு தொடங்குகிற புளியமரத்தடியில் சைக்கிளை விட்டு இறங்குவார். தெரு முடிகிற இடத்தில் ஏறுவார். சின்னப் பையனாகப் பின் கேரியரில் உட்கார்ந்து போன நானும் இறங்கி நடப்பேன். ஏன் என்று ஒருநாள் கேட்டதற்கு, "தெரு மேடும் பள்ளமுமா கீதுடா, அதான் எறங்கிக்கினேன்" என்றார். ஊரிலேயே சிமெண்ட் போட்டிருந்தது அந்தத் தெரு ஒன்றுதான். மேடும் பள்ளமும் எங்கள் பக்கம்தான் இருந்தது. அங்கே அவர் இறங்கியதே இல்லை.

யாரும் அவரை அடிக்கவில்லை. "எறங்கித் தள்ளு" என்று யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. அடித்திருந்தால் ஒரு வழக்கு இருந்திருக்கும், ஒரு தேதி இருந்திருக்கும். இப்போது எழுதும்போது எனக்குத் தேதிகூட இல்லை. தினமும் நடந்ததற்குத் தேதி ஏது? எங்கள் மக்களின் போக்குவரத்து வரலாறு பெரும்பாலும் இப்படித்தான், தேதி இல்லாமல் கிடக்கிறது.

தேதி உள்ளவற்றையும் சேர்த்து வாசிக்கலாம். 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்வண்டி கட்டிப் பொதுச்சாலையில் ஓட்டினார். 1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன், பொதுத்தெருவிலும் பொதுக்கிணற்றிலும் யாருக்கும் தடை இருக்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1929இல் சாளிஸ்காவ் ரயில் நிலையத்தில் இறங்கிய அம்பேத்கருக்குக் குதிரைவண்டிக்காரர்கள் வண்டி ஓட்ட மறுத்தார்கள். சேரிக்காரர்கள் வண்டியை வாடகைக்கு எடுத்து, ஓட்டத் தெரியாத தங்கள் ஆள் ஒருவரை ஓட்டவிட்டார்கள். வண்டி பாலத்தில் மோதி அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார். அப்போது அவர் பம்பாய் சட்டசபை உறுப்பினர், பாரிஸ்டர். அதைப் பற்றி 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற நூலில் அவரே எழுதியிருக்கிறார். ஒரு சாலை விபத்து சாதியால் எப்படி உண்டாகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான விவரணையை நான் எந்தப் போக்குவரத்து அறிக்கையிலும் படித்ததில்லை.

நம் காலத்துக்கு வருவோம். 1997இல் விருதுநகர் மாவட்டத்துக்கென்று ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கி, கட்டபொம்மன் படையின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதியினர். தென்மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. என்ன செய்தது அரசு? மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. எங்கள் மாவட்டத்தின் பெயரோடு ஒட்டியிருந்த சம்புவராயரும் அந்தக் காலத்தில்தான் காணாமல் போனார். ஒரு பள்ளர் பெயரைச் சுமந்த பஸ்ஸில் உட்கார மறுத்தவர்களைக் கேட்க முடியவில்லை, அதனால் பஸ்ஸுக்குப் பெயரே வேண்டாம். 'எல்லோருக்கும் பொது' என்று சொல்வதன் பொருள் நம் நாட்டில் பல நேரம் இதுதான். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லையும் அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் அறிவித்தார். நீக்கட்டும், வரவேற்போம். காலனிக்குப் போகிற ரோடு?

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதற்காக வெட்டினார்கள் என்று குடும்பத்தார் புகார் சொன்னார்கள். என் அப்பாவின் சைக்கிளுக்கும் அந்தப் பையனின் புல்லட்டுக்கும் இடையில் எத்தனையோ சாலைத் திட்டங்கள் வந்து போய்விட்டன.

3

சைக்கிளைப் பற்றித் தமிழ்நாட்டில் நடந்த பெரிய காரியம் சென்னையில் நடக்கவில்லை, புதுக்கோட்டையில் நடந்தது. 1991, 92 வாக்கில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். கல்குவாரியில் வேலை செய்த பெண்கள், கூலிப் பெண்கள் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த ஆம்பளை சைக்கிளையே ஓட்டினார்கள். கேலி பேசினார்கள், அதற்கும் அசரவில்லை. பி. சாய்நாத் அதை எழுதி, அது நாடெங்கும் தெரிந்தது.

கொள்கை வகுக்கிறவர்கள் அங்கே ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும். புதுக்கோட்டையில் ஒரு முழம் சைக்கிள் பாதைகூடப் புதிதாகப் போடவில்லை. அதே மண்ரோடு, அதே சைக்கிள். ஏறி உட்கார்ந்த ஆள்தான் வேறு. யார் ஓட்டவில்லை, ஏன் ஓட்டவில்லை, யார் தடுக்கிறார்கள் என்ற கேள்வியிலிருந்து அந்த இயக்கம் தொடங்கியது. பத்து வருஷம் கழித்து, 2001-02இல் பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் என்று தமிழக அரசு தொடங்கியபோதும், முதலில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குத்தான் கொடுத்தது. பிறகுதான் மற்றவர்களுக்கும் வந்தது. கடைசியில் இருப்பவளிடமிருந்து தொடங்கியதால் திட்டம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. இந்த வரிசை முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

சென்னையில் வரிசை வேறு. கொள்கையின் காட்சிப்பொருளாக நமக்குக் காட்டப்படுவது தி.நகர் பாண்டி பஜார். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் தியாகராய சாலையின் இரு பக்கமும் அகலமான நடைபாதை, உட்கார இடம், விளக்கு எல்லாம் போட்டு 2019 நவம்பரில் திறந்தார்கள். போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, கிழவிகள் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார்கள், பிள்ளைகள் ஓடுகிறார்கள். ஆனால் அந்த நடைபாதையில் காலங்காலமாகத் துணியும் வளையலும் விற்றவர்களை 2013 வாக்கிலேயே ஒரு பல மாடி வளாகத்துக்குள் அனுப்பியாகிவிட்டது. தெருவில் நடப்பது சுகமாகிவிட்டது, தெருவில் பிழைப்பதுதான் கஷ்டமாகிவிட்டது.

அந்த இடத்தின் பெயரைக் கவனியுங்கள். பாண்டி பஜார் என்பது சௌந்தரபாண்டியனார் அங்காடி. பட்டிவீரன்பட்டி டபிள்யு.பி.ஏ. சௌந்தரபாண்டியன் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கிற பஸ்ஸின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டவர். அதுவரை பஸ் முதலாளிகள் 'பஞ்சமருக்கு இடமில்லை' என்று வெளிப்படையாகவே நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர் புது பஸ் விடவில்லை, புது ரோடு போடவில்லை. ஓடுகிற பஸ்ஸில் யாரை ஏற்றவில்லை என்று கேட்டார், ஏற்றாவிட்டால் பஸ் ஓடாது என்றார். தமிழ்நாட்டின் முதல் உருப்படியான போக்குவரத்துக் கொள்கை அந்த உத்தரவுதான் என்பேன். அவர் பெயரைத் தாங்கிய தெருவில் நடைபாதை அமைத்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அதே 2019இல் வாடகை சைக்கிளும் சென்னைக்கு வந்தது. செல்போனில் ஆப் இறக்கி, அதில் பணம் கட்டி எடுக்க வேண்டும். விடியற்காலையில் பால் பாக்கெட் போடுகிறவரும் கட்டட வேலைக்குச் சட்டியோடு போகிறவரும் பழைய சைக்கிளைத்தான் மிதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் அந்த 40 சதவீதத்தில்தான் சேருகிறார்கள். கணக்குக்கு வேண்டும், கடனுக்குக்கூட ஒரு நிழல் வேண்டாம்.

4

நடப்பவரின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்கிறது கொள்கை. அதே நகரம், வேலைக்கு நடந்துபோனவர்களை லாரியில் ஏற்றி, நடக்க முடியாத தூரத்தில் இறக்கிக்கொண்டிருந்தது.

1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயோ பக்கத்திலேயோ மாடிவீடு கட்டுவது என்பதுதான் பெரும்பாலும் வழக்கம். அந்த வீடுகளைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம், ஆனால் வேலைக்கு நடந்து போகலாம். 2000க்குப் பிறகு போக்கு மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கு மேல் வீடுகள், பெரும்பாக்கத்தில் 20,000க்கு மேல். கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய்க் கரைகளில் இருந்தவர்களை 20 கிலோமீட்டர், 25 கிலோமீட்டர் தள்ளிக் குடியேற்றினார்கள். அவர்களில் தலித்துகளே அதிகம் என்பது அங்கே ஒருநாள் சுற்றி வந்த எவருக்கும் தெரியும்.

எங்கள் சின்னம்மா ஒருவர் சென்னையில் ஆற்றங்கரைக் குடிசையில் இருந்து, இப்போது அந்தத் தென்கோடியில் இருக்கிறார். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற வேலை. முன்பு அந்த நாலு வீடும் கால்மணி நேர நடை. நடுவில் வீட்டுக்கு வந்து சோறு வடித்துவிட்டுத் திரும்பப் போவார். இப்போது விடியுமுன் எழுந்து பஸ் பிடித்து, மாறி இன்னொரு பஸ் பிடித்துப் போகிறார். நாலு வீடு இரண்டு வீடானது. "வேலையில கால் வலிச்சா வேலைக்கு கூலி உண்டு. பஸ்ல நின்னுக்கினு வர்றதுக்கு எவன் கூலி குடுப்பான்?" என்று கேட்டார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்றானது. இந்த இருபது வருஷத்தில் சென்னையின் எந்தப் போக்குவரத்துத் திட்டத்தைக் காட்டிலும் சின்னம்மா போன்றவர்களுக்கு உதவியது இதுதான், இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. டிக்கெட் காசு மிச்சம். போன இரண்டு வீடும் போகவர ஆகிற நேரமும் மிச்சமாகவில்லை.

உலகத்தில் மற்ற இடங்களிலும் இதை அனுபவித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மாண்ட்கமரி நகரத்துக் கறுப்பின மக்கள் 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாள் பஸ்ஸைப் புறக்கணித்தார்கள், பலர் நடந்தே வேலைக்குப் போனார்கள். தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்குக்கு வெளியே அலெக்சாண்ட்ராவில் இருந்த கறுப்பின மக்கள், 1957இல் பஸ் கட்டணத்தில் ஒரு பென்னி ஏற்றியதை எதிர்த்து, போக 15 கிலோமீட்டர் வர 15 கிலோமீட்டர் மாதக்கணக்கில் நடந்தார்கள். அந்த நடையை யாரும் 'பசுமைப் பயணம்' என்று எண்ணிக்கையில் சேர்க்க முடியாது. வேலையை ஓரிடத்திலும் வேலைக்காரரை வேறிடத்திலும் வைப்பதுதான் அங்கே நிறவெறியின் நகரத் திட்டமாக இருந்தது. இங்கே அதற்குச் சட்டம் தேவைப்படவில்லை. நதிக்கரை அழகு, வெள்ளப் பாதுகாப்பு, நீர்நிலை ஆக்கிரமிப்பு என்கிற சொற்களே போதுமாக இருந்தன.

நடைபாதை யாருடையது என்பதற்கு இன்னொரு உதாரணம். 2025 ஆகஸ்ட் 1 முதல் சென்னை மாநகராட்சியின் தூய்மைப் பணியாளர்கள், வேலையைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில், உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. பாதைக்கு இடையூறு என்பது அவர்கள்மீது சொல்லப்பட்ட குறை. அந்த நடைபாதையை அத்தனை வருஷம் விடியற்காலையில் பெருக்கியவர்கள் அவர்கள்தான்.

5

இதெல்லாம் சென்னைக் கதை, திருவண்ணாமலைக்கு என்ன என்று கேட்கலாம். 2024 ஆகஸ்டில் திருவண்ணாமலை மாநகராட்சி ஆகிவிட்டது. மாநகராட்சி என்றால் திட்டம் வரும், வரைபடம் வரும், ஆலோசகர்கள் வருவார்கள். சென்னையில் நடந்த வாசிப்புப் பிழை இங்கேயும் நடக்க அதிக நாள் ஆகாது.

ஏனென்றால் நடப்பவருக்காக ரோடு போடுவது எப்படி என்று இந்த ஊருக்கு ஏற்கெனவே தெரியும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைப் பாருங்கள். நடைபாதை, விளக்கு, தண்ணீர் இருக்கின்றன. பௌர்ணமியன்று வாகனத்தைத் தடுத்து, ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையம் போட்டு, லட்சக்கணக்கானவர்கள் நடப்பதற்காக முழு நகரத்தையும் திருப்பி வைக்கிறார்கள். பணம் இல்லை, இடம் இல்லை, முடியாது என்கிற பேச்சு அன்றைக்கு இல்லை. ஆக, முடியும். யாருடைய நடை என்பதைப் பொறுத்து முடிகிறது. பக்திக்காக மாதம் ஒருமுறை நடக்கிறவருக்கு இருக்கிற விளக்கு, கூலிக்காகத் தினமும் நடக்கிறவளின் பாதையில் இல்லை. பௌர்ணமி முடிந்த காலையில் அந்தப் பதினாலு கிலோமீட்டரையும் கூட்டி அள்ளுகிறவர்கள் வீட்டுக்குத் திரும்புகிற பாதையில் விளக்கு உண்டா என்று யாராவது போய்ப் பார்த்ததுண்டா?

இதே மாவட்டத்தில், தண்டராம்பட்டுப் பக்கம் தென்முடியனூரில், தலித்துகள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனது 2023 ஜனவரி 30ஆம் தேதி, அதுவும் போலீஸ் காவலோடு. கோயில் வாசலை எல்லோரும் பேசினார்கள். வாசல் வரைக்கும் போகிற தெருவும் அதே சண்டையின் பகுதிதான் என்பதை நாம்தான் பேச வேண்டும்.

தலித் எழுத்தாளர்களும் செயற்பாட்டாளர்களும் இந்தத் துறையை 'என்ஜினியர் சமாச்சாரம்' என்று ஒதுக்கிவிட்டோம். மாரி செல்வராஜ் 2021இல் 'கர்ணன்' படத்தில் பஸ் நிற்காத ஊரைக் காட்டியபோது, அதைக் கொடியன்குளம் பற்றிய படம் என்று சரியாகவே வாசித்தோம். பஸ் நிறுத்தம் பற்றிய படம் என்று வாசித்தவர்கள் குறைவு. எங்கள் மாவட்டத்தில் எந்தெந்தக் காலனி நிறுத்தத்தில் எந்த பஸ் நிற்பதில்லை என்று ஒரு பட்டியல் நம் கையில் இருக்கிறதா?

எனவே சில வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன். எங்கே சைக்கிள் பாதை, நடைபாதைத் திட்டம் வந்தாலும், வரைபடத்தில் முதல் கோடு காலனியிலிருந்து வேலையிடத்துக்கும் பள்ளிக்கும் போக வேண்டும் என்று கேட்போம். வீட்டை இடித்துத் தூரத்தில் கொண்டுபோய் விடுவதையும் போக்குவரத்துக் கொள்கையின் மீறலாக எண்ண வேண்டும் என்று கேட்போம். நடப்பவர் கூடினாரா என்று கணக்கெடுக்கும்போது, நடக்க முடியாத தூரத்துக்குப் போனவர்களையும் கணக்கில் சேர்க்கச் சொல்வோம். வன்கொடுமைச் சட்டத்தில் சைக்கிள் என்று எழுதியிருக்கிற அந்தப் பிரிவைக் கிராமசபைகளிலும், மாநகராட்சியின் பகுதி சபைகளிலும் சத்தமாக வாசிப்போம். தோழர்கள் அவரவர் ஊரில், எந்தத் தெருவில் யார் இன்னும் இறங்கித் தள்ளுகிறார்கள் என்று எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம். தெரு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எவ்வளவு தூரம் என்பது போதும். எத்தனை கிலோமீட்டர் என்று கூட்டிப் பார்ப்போம்.